சூப்பர்மேனும் ஹல்க்கும் மோதினால் யார் ஜெயிப்பார்? பதில் 1996-லேயே வந்துவிட்டது

"ஹல்க்குக்குக் கோபம் ஏற ஏற பலமும் ஏறும், அதுக்கு எல்லையே கிடையாது. அப்புறம் சூப்பர்மேன் எப்படி ஜெயிப்பார்?"

"தூக்கி விண்வெளியில வீசிட்டா கோபப்பட்டு என்ன பண்ணப் போறார்?"

அலுவலக கேன்டீனிலோ, நள்ளிரவு வாட்ஸ்ஆப் குழுவிலோ இந்த உரையாடலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நீங்களே பேசியும் இருக்கலாம். நானும் பேசியிருக்கிறேன். ஒரு முறை இதற்காக எக்செல் ஷீட் போட்டவன் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்த விவாதத்தில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. இந்தக் கேள்விக்கு அதிகாரப்பூர்வமான விடை ஏற்கெனவே உண்டு. சூப்பர்மேனின் உரிமையாளரும் ஹல்க்கின் உரிமையாளரும் சேர்ந்து உட்கார்ந்து, வாசகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, 1996-ல் அச்சிட்டு வெளியிட்ட விடை அது.

சூப்பர்மேன் ஜெயித்தார்.

ஆனால் அந்த விடை எப்படி வந்தது என்று பார்த்தால், ஹல்க் ரசிகர்கள் தோற்றதாக நினைத்து வருந்த வேண்டியதில்லை.

11 சண்டைகள், ஐந்துக்கு மட்டும் ஓட்டு

டிசி, மார்வெல் இரண்டும் அமெரிக்க காமிக்ஸ் துறையின் பரம எதிரிகள். சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன் ஆகியோர் டிசி பக்கம். ஸ்பைடர்மேன், ஹல்க், தோர், எக்ஸ்-மென் மார்வெல் பக்கம். 1996-ல் இரு நிறுவனங்களும் சேர்ந்து நான்கு பாகங்கள் கொண்ட ஒரு தொடரை வெளியிட்டன. முதல் மற்றும் கடைசி பாகங்களை டிசி அச்சிட்டது. நடுவில் இருந்த இரண்டையும் மார்வெல் அச்சிட்டது. டிசி வெளியிட்டதில் 'டிசி வெர்சஸ் மார்வெல்' என்று தலைப்பு. மார்வெல் வெளியிட்டதில் 'மார்வெல் வெர்சஸ் டிசி'. யார் பெயர் முன்னால் வரும் என்பதைக்கூடப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ரஜினி – கமல் காலத்து போஸ்டர் ஒட்டிய யாருக்கும் இந்த நுட்பம் உடனே புரியும்.

கதைப்படி இரு பிரபஞ்சங்களும் தங்கள் வீரர்களை அனுப்பி மோத வேண்டும், தோற்ற பிரபஞ்சம் அழிந்துபோகும். மொத்தம் 11 மோதல்கள். அதில் ஐந்தின் முடிவை மட்டும் வாசகர்களின் வாக்குக்கு விட்டார்கள். மீதி ஆறும் எழுத்தாளர்கள் கையில்.

எழுத்தாளர்கள் முடிவு செய்த ஆறில், தோர் கேப்டன் மார்வெலை வென்றார் (இவர் டிசியின் கேப்டன் மார்வெல், பின்னால் வருகிறேன்). சில்வர் சர்ஃபர் கிரீன் லான்டர்னை வென்றார். எலெக்ட்ரா கேட்வுமனை வென்றார். மறுபக்கம் அக்வாமேன் நேமோரையும், ஃபிளாஷ் குவிக்சில்வரையும், ராபின் ஜூபிலியையும் வென்றார்கள். கூட்டிப் பாருங்கள்: 3–3. இதைத் தற்செயல் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

வாசகர்கள் ஓட்டுப் போட்ட ஐந்தில் சூப்பர்மேன் ஹல்க்கை வென்றார், பேட்மேன் கேப்டன் அமெரிக்காவை வென்றார். ஸ்பைடர்மேன் சூப்பர்பாயை வீழ்த்தினார். வுல்வரின் லோபோவை வீழ்த்தினார். ஸ்டார்ம் வொண்டர் வுமனை வீழ்த்தினார். மார்வெலுக்கு 3, டிசிக்கு 2. மொத்தக் கணக்கில் 6–5, மார்வெல் முன்னிலை.

அப்படியானால் டிசி பிரபஞ்சம் அழிந்ததா? அதெல்லாம் இல்லை. முடிவு தெரியும் கட்டத்தில் இரண்டு பிரபஞ்சங்களும் ஒன்றாகக் கலந்துவிட்டன. 'அமால்கம்' என்று பெயர் வைத்து, பேட்மேனையும் வுல்வரினையும் குழைத்து 'டார்க் கிளா', சூப்பர்மேனையும் கேப்டன் அமெரிக்காவையும் சேர்த்து 'சூப்பர் சோல்ஜர்' என்று 1996-ல் 12 புத்தகங்களும் 1997-ல் இன்னொரு 12 புத்தகங்களும் போட்டார்கள். பிறகு எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியது. யாரும் தோற்கவில்லை. 6–5 என்ற ஸ்கோர் கதையில் எதையும் மாற்றவில்லை.

அந்த ஓட்டு எதை அளந்தது?

டேட்டா சம்பந்தமாக வேலை பார்ப்பவர்கள் எந்தக் கருத்துக்கணிப்பைப் பார்த்தாலும் முதலில் கேட்கும் கேள்வி இது. கேட்கப்பட்டது 'யார் ஜெயிப்பார்?'. வாசகர்கள் பதில் சொன்னது 'எனக்கு யாரைப் பிடிக்கும்?' என்பதற்கு.

ஸ்டார்ம் – வொண்டர் வுமன் முடிவைப் பாருங்கள். வொண்டர் வுமன் காமிக்ஸில் சூப்பர்மேனோடு நேருக்கு நேர் நிற்கக்கூடியவர். அந்தக் கதையிலேயே தோரின் சுத்தியல் அவர் கையில் கிடைக்கிறது, அதைத் தூக்கும் தகுதியும் அவருக்கு இருக்கிறது. ஸ்டார்மோடு மோதும் முன், 'இது நியாயமான சண்டையாக இருக்காது' என்று அதை ஓரமாக வைத்துவிடுகிறார். பிறகு ஸ்டார்மின் மின்னலில் விழுகிறார். ஓட்டு ஒரு பக்கம் போய்விட்டது, எழுத்தாளர் அதற்கு ஏற்ற மாதிரி கதையை வளைக்க வேண்டும். சுத்தியலைக் கீழே வைக்கும் அந்தக் காட்சி அப்படி வளைத்த இடம் மாதிரிதான் எனக்குத் தெரிகிறது.

வாக்காளர்கள் ஏன் ஸ்டார்ம் பக்கம் சாய்ந்தார்கள்? 1990-கள் எக்ஸ்-மென் காலம். 1991-ல் வந்த 'எக்ஸ்-மென்' முதல் இதழ் 80 லட்சத்துக்கும் மேல் விற்று கின்னஸ் சாதனை படைத்தது. ஸ்டார்ம், வுல்வரின் இருவரும் எக்ஸ்-மென். இரண்டு பேருமே ஜெயித்தார்கள். வுல்வரின் – லோபோ சண்டை இன்னும் மோசம். லோபோவும் சூப்பர்மேனோடு மோதக்கூடிய ஆள். அவரை வுல்வரின் எப்படி வென்றார் என்று காட்டவே இல்லை. இருவரும் ஒரு மதுக்கூடத்தின் மேடைக்குப் பின்னால் விழுகிறார்கள், கொஞ்ச நேரம் கழித்து வுல்வரின் மட்டும் சுருட்டோடு எழுந்து வருகிறார். அவ்வளவுதான்.

(ஒரு சின்னத் தகவல்: அந்தத் தொடரில் வரும் ஸ்பைடர்மேன் பீட்டர் பார்க்கர் இல்லை, அவருடைய குளோனான பென் ரைலி. எதிரே நின்ற சூப்பர்பாயும் ஒரு குளோன். ஆக அது நகலுக்கும் நகலுக்கும் நடந்த சண்டை.)

72 ஓட்டில் செத்த ராபின்

ரசிகர் ஓட்டு எவ்வளவு நம்பகமானது என்பதற்கு இதைவிடப் பழைய, கூர்மையான உதாரணம் ஒன்று இருக்கிறது. 1988 செப்டம்பரில் டிசி, பேட்மேனின் உதவியாளர் ராபினை ஒரு குண்டுவெடிப்பில் சிக்கவைத்து இதழை முடித்தது. அப்போது ராபினாக இருந்தவர் ஜேசன் டாட். இதழில் இரண்டு தொலைபேசி எண்கள் இருந்தன. ஒன்றுக்குப் போன் செய்தால் ராபின் பிழைப்பார், இன்னொன்றுக்குச் செய்தால் சாவார். ஒரு அழைப்புக்கு 50 சென்ட் கட்டணம்.

முடிவு: சாக வேண்டும் 5,343. பிழைக்க வேண்டும் 5,271. வித்தியாசம் 72. மொத்த வாக்கில் 0.7 சதவீதத்துக்கும் குறைவு. ராபின் செத்தார்.

இந்த எண்ணை ரூபாய் கணக்கு போடுகிற மாதிரி போட்டுப் பாருங்கள். முடிவை மாற்ற இன்னும் 73 அழைப்புகள் போதும். 36 டாலர் 50 சென்ட் செலவழித்திருந்தால் ஒருவரே ராபினைக் காப்பாற்றியிருக்கலாம். ஒரு ஆள் எத்தனை முறை வேண்டுமானாலும் போன் செய்யலாம் என்பதால், எதிர்த் திசையில் அப்படி யாரோ செய்திருக்கலாம் என்ற சந்தேகம் அப்போதிலிருந்தே உண்டு. கணினி வைத்துத் தொடர்ந்து டயல் செய்த ஒருவரைப் பற்றித் தான் கேள்விப்பட்டதாக அன்றைய பேட்மேன் ஆசிரியர் டென்னிஸ் ஓ'நீல் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். உறுதிப்படுத்தப்பட்ட தகவல் இல்லை. ஆனால் விதிமுறை அதற்கு இடம் கொடுத்தது என்பது மட்டும் உண்மை.

இது பழைய கதை என்று நினைத்தால், 2021-க்கு வாருங்கள். 'ஜஸ்டிஸ் லீக்' படத்தின் ஸாக் ஸ்னைடர் வடிவத்தை வெளியிடச் சொல்லி ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் சமூக ஊடகத்தில் குரல் கொடுத்தார்கள். கடைசியில் நான்கு மணி நேரப் படமாக எச்பிஓ மேக்ஸில் வந்தது. 2022-ல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை, வார்னர் மீடியா தனக்காகத் தயாரிக்கச் சொன்ன ஓர் அறிக்கையை வெளிக்கொண்டு வந்தது. அந்த உரையாடலில் பங்கேற்ற கணக்குகளில் குறைந்தது 13 சதவீதம் போலி. வழக்கமாக இப்படியான பேச்சுகளில் 3 முதல் 5 சதவீதம்தான் இருக்கும் என்றது அறிக்கை. இதிலிருந்து 'எல்லாமே போலி' என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். 13 போலி என்றால், மீதியில் பெரும்பாலோர் நிஜ மனிதர்களாக இருக்கலாம். ஆனால் டிரெண்டிங்கில் இருப்பதை வைத்து 'மக்கள் தீர்ப்பு' என்று சொல்வதற்கு முன் இந்த 13-ஐ ஒரு தடவை நினைத்துக்கொள்ளலாம்.

எந்த சூப்பர்மேன்?

சரி, ஓட்டு வேண்டாம். பலத்தை வைத்தே கணக்குப் போடலாமே? தீவிர ரசிகர்கள் இதைத்தான் செய்கிறார்கள். ஒரு பாத்திரம் காமிக்ஸில் தூக்கிய எடை, தாங்கிய அடி, ஓடிய வேகம் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகத் தொகுத்து ஒப்பிடுவார்கள். உழைப்பு என்னவோ நிஜம். சிக்கல், அளக்கப்படும் பொருள் நிலையாக இல்லை என்பதில்தான்.

1938-ல் அறிமுகமான சூப்பர்மேனால் பறக்க முடியாது. எட்டில் ஒரு பங்கு மைல், அதாவது சுமார் 200 மீட்டர் தாண்டுவார், அவ்வளவுதான். வெடிக்கும் பீரங்கிக் குண்டு அவர் தோலைத் துளைக்கும். 1941-ல் வந்த ஃபிளைஷர் கார்ட்டூன் படங்களுக்குப் பிறகுதான் பறப்பது அவருடைய அடையாளமானது. ஓடி ஓடித் தாவுவதை அசையும் படத்தில் பார்க்க நன்றாக இல்லை என்பதுதான் காரணம். அதன்பின் பல ஆண்டுகள் அவர் பலம் ஏறிக்கொண்டே போய், கோள்களை நகர்த்தும் அளவுக்கு வந்து, 1986-ல் ஜான் பைர்ன் அதைக் கணிசமாகக் குறைத்து எழுதினார். ஹல்க்கும் அப்படித்தான். 1962-ல் முதல் இதழில் அவர் சாம்பல் நிறம். அந்தச் சாம்பலை ஒரே மாதிரி அச்சடிக்க முடியவில்லை என்று இரண்டாம் இதழில் பச்சையாக்கினார்கள்.

ஆக 'சூப்பர்மேன்' என்பது 85 ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நூறு பேர் எழுதிய ஒரு பெயர். சராசரி எடுக்க முடியாது. உச்சத்தை எடுத்தால் யாராலும் தோற்கடிக்க முடியாது. தொடக்கத்தை எடுத்தால் ஒரு பீரங்கி போதும்.

இன்னொரு பொறி, சங்கிலிக் கணக்கு. 'ஏ பி-யை வென்றார், பி சி-யை வென்றார், எனவே ஏ சி-யை வெல்வார்.' இந்தத் தர்க்கம் உண்மையென்றால் ஐபிஎல்லில் பாதி ஆட்டங்களை நடத்தவே தேவையில்லை. சென்னை மும்பையை வென்று, மும்பை பெங்களூருவை வென்று, பெங்களூரு சென்னையை வென்ற சீசன்களை நாம் பார்த்திருக்கிறோம்.

அப்புறம் பேட்மேன். "தயாராக நேரம் கொடுத்தால் பேட்மேன் யாரையும் வெல்வார்" என்பது ரசிகர் உலகின் பிரபலமான வாதம். கிண்டலாகவும் சொல்வார்கள், சீரியஸாகவும் சொல்வார்கள். இதற்கு அச்சில் ஆதாரம் உண்டு. 1981-ல் டிசியும் மார்வெலும் சேர்ந்து வெளியிட்ட கதையில் பேட்மேன் ஹல்க்கை மயக்க வாயுவால் வீழ்த்தப் பார்க்கிறார். ஹல்க் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். உடனே பேட்மேன் அவர் வயிற்றில் ஓர் உதை விடுகிறார், ஹல்க் மூச்சை உள்ளிழுக்கிறார், மயங்குகிறார். இயற்பியல் தெரிந்தவர்கள் இங்கே அழலாம். எழுதிய லென் வைன் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஹல்க் தொடரையே எழுதியவர்.

யார் ஜெயிப்பார் என்ற கேள்விக்கு ஸ்டான் லீ பேட்டிகளில் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: எழுதுகிறவர் யாரை ஜெயிக்க வைக்க நினைக்கிறாரோ, அவர். பெரியவர் சொன்னதில் பாதிதான் சரி என்பேன். எழுதுகிறவருக்கு மேலே ஒருவர் இருக்கிறார்.

எழுத்தாளருக்கு மேலே யார்?

1976-க்குப் போவோம். இரு நிறுவனங்களின் நாயகர்கள் முதல்முறையாகச் சந்தித்த 'சூப்பர்மேன் வெர்சஸ் தி அமேசிங் ஸ்பைடர்மேன்' அந்த ஆண்டுதான் வந்தது. வழக்கமான காமிக்ஸ் 25, 30 சென்ட் விற்ற காலத்தில் இதன் விலை 2 டாலர். ஜெர்ரி கான்வே எழுத, ராஸ் ஆன்ட்ரூ வரைந்தார். தலைப்பில் 'வெர்சஸ்' இருந்தாலும், ஸ்பைடர்மேன் சாதாரணமாக சூப்பர்மேனை அடித்தால் கைதான் உடையும். அதனால் வில்லன் லெக்ஸ் லூதர் ஸ்பைடர்மேனுக்குச் சிவப்புச் சூரியக் கதிர்வீச்சைப் பாய்ச்சி, கொஞ்ச நேரத்துக்குப் பலத்தைச் சமன் செய்கிறார். சமன் செய்யப்பட்டது ஸ்பைடர்மேன் மட்டுமல்ல. கதை முழுக்க இரு தரப்பு நாயகன், வில்லன், காதலி எல்லோருக்கும் ஒத்த இடம் கொடுக்கப்பட்டது. சண்டைக்கு வெற்றியாளர் கிடையாது.

இரண்டு பெரிய நிறுவனங்களின் பாத்திரங்கள் ஒரே கதையில் வர வேண்டுமென்றால் பெரும்பாலும் இதுதான் விலை. 1988-ல் வந்த 'ஹூ ஃபிரேம்டு ரோஜர் ராபிட்' படத்தில் டிஸ்னியின் மிக்கி மவுஸும் வார்னரின் பக்ஸ் பன்னியும் சேர்ந்து தோன்றினார்கள். இருவருக்கும் சம அளவு திரைநேரம் வேண்டும் என்பது வார்னரின் நிபந்தனை. ஒரு முயலும் எலியும் தோன்றவே இவ்வளவு என்றால், ஒருவரை ஒருவர் அடிப்பதற்கு?

அது ஒத்துவராதபோது என்ன ஆகும் என்பதற்கு ஜார்ஜ் பெரெஸ் என்ற ஓவியரின் கதையைச் சொல்ல வேண்டும். டிசியின் ஜஸ்டிஸ் லீகும் மார்வெலின் அவெஞ்சர்ஸும் சந்திக்கும் புத்தகம் 1979-லேயே ஒப்பந்தமானது. பெரெஸ் சுமார் 21 பக்கங்கள் வரைந்தும் முடித்திருந்தார். கதைச் சுருக்கத்தில் இரு நிறுவன ஆசிரியர்களுக்கும் உடன்பாடு வராமல் 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. வரைந்த பக்கங்கள் கிடப்பில் போனது. பெரெஸ் அந்தப் புத்தகத்தை வரைய 20 ஆண்டுகள் காத்திருந்தார். கர்ட் புசியெக் எழுத, 2003–04-ல் நான்கு பாகங்களாக வந்தது. அதில் சூப்பர்மேன் தோரை வீழ்த்துகிறார். கடைசி யுத்தத்தில் ஒரு கையில் தோரின் சுத்தியலும், இன்னொரு கையில் கேப்டன் அமெரிக்காவின் கேடயமுமாக நிற்கிறார். ரசிகர்கள் இன்றுவரை இதற்காகச் சண்டை போடுகிறார்கள்.

புத்தகம் தீர்ந்துபோன பிறகு மறுபதிப்பு எளிதில் வரவில்லை. ஒவ்வொரு முறையும் இரண்டு நிறுவனமும் கையெழுத்திட வேண்டும். 2021 டிசம்பரில், தனக்குக் கணையப் புற்றுநோய் முற்றிவிட்டதாகவும் சிகிச்சை எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்றும் பெரெஸ் அறிவித்தார். நலிந்த காமிக்ஸ் கலைஞர்களுக்கு உதவும் 'ஹீரோ இனிஷியேட்டிவ்' என்ற அறக்கட்டளை வழியாக 7,000 பிரதிகள் மட்டும் அச்சிட டிசியும் மார்வெலும் சம்மதித்தன. 2022 மார்ச்சில் வந்தது. மே 6-ம் தேதி பெரெஸ் இறந்தார்.

130 டாலர்

பெரெஸுக்காவது அவர் பெயர் அட்டையில் இருந்தது. சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் 1938-ல் அந்தப் பாத்திரத்தின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதன்பின் வழக்கு, தோல்வி, வறுமை. சூப்பர்மேன் திரைப்படம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தபோது சீகல் பத்திரிகைகளிடம் போனார், கலைஞர்கள் ஆதரவாகப் பேசினார்கள். 1975 டிசம்பரில் வார்னர் நிறுவனம் இருவருக்கும் ஆண்டுக்குத் தலா 20,000 டாலர் தரவும், அவர்கள் பெயரை மீண்டும் போடவும் ஒப்புக்கொண்டது. அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான் சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் மோதும் அந்த 2 டாலர் புத்தகம் கடைக்கு வந்தது.

எதிர்முனையில் ஹல்க்கை ஸ்டான் லீயோடு சேர்ந்து உருவாக்கியவர் ஜாக் கர்பி. அவருடைய வாரிசுகள் மார்வெலோடு போட்ட வழக்கு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுப்பதா என்று முடிவு செய்வதற்குச் சில நாட்கள் முன்பு, 2014 செப்டம்பரில் சமரசத்தில் முடிந்தது. ஆக 'சூப்பர்மேனா ஹல்க்கா' என்று நாம் வாதாடும் இரண்டு பேரையும் உருவாக்கியவர்கள் பக்கம் ஒரு வழக்குக் கட்டு இருக்கிறது.

உரிமைச் சண்டையில் ஒரு நாயகனே காணாமல் போனதும் உண்டு. 1940-ல் ஃபாசெட் நிறுவனம் வெளியிட்ட கேப்டன் மார்வெல், ஒரு கட்டத்தில் விற்பனையில் சூப்பர்மேனையே முந்தினார். 'இது எங்கள் ஆளின் நகல்' என்று டிசியின் முன்னோடி நிறுவனம் 1941-ல் வழக்குப் போட்டது. பத்தாண்டுகளுக்கு மேல் நீண்டு, 1953-ல் ஃபாசெட் 4 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டு, கேப்டன் மார்வெலை நிறுத்தியது. 1967-ல் மார்வெல் அதே பெயரில் தன்னுடைய பாத்திரத்தைக் கொண்டுவந்து வணிகப் பெயரைப் பிடித்துக்கொண்டது. 1972-ல் டிசி பழைய கேப்டன் மார்வெலை உரிமம் வாங்கி மீட்டபோது, அட்டையில் அவர் பெயரையே போட முடியவில்லை. 'ஷசாம்' என்று போட்டார்கள். 2019-ல் ஒரு மாத இடைவெளியில் இரண்டு படங்கள் வந்தன: மார்வெலின் 'கேப்டன் மார்வெல்' சுமார் 113 கோடி டாலர், டிசியின் 'ஷசாம்' சுமார் 36 கோடி டாலர். பெயர் யாரிடம் போனது என்பது மட்டும் இந்த வித்தியாசத்துக்குக் காரணமில்லைதான். ஆனாலும் உறுத்துகிறது.

(பெயர்க் குழப்பம் நமக்கும் புதிதல்ல. சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸ் படித்தவர்களிடம் 'ஸ்பைடர்' என்று சொல்லிப் பாருங்கள். பீட்டர் பார்க்கரை நினைக்க மாட்டார்கள், பிரிட்டிஷ் காமிக்ஸில் வந்த கூர்காதுக் குற்றச் சக்கரவர்த்தியைத்தான் நினைப்பார்கள்.)

அப்படியானால் திரையில்?

2004-க்குப் பிறகு 20 ஆண்டுகளுக்கும் மேல் டிசியும் மார்வெலும் சேர்ந்து புதிய கதை எதுவும் வெளியிடவில்லை. 2025 செப்டம்பரில் மார்வெல் 'டெட்பூல் / பேட்மேன்' வெளியிட்டது, நவம்பரில் டிசி 'பேட்மேன் / டெட்பூல்' வெளியிட்டது. மறுபடியும் ஆளுக்கு ஒன்று, பெயர் மாறி மாறி. 1996-ல் போட்ட அதே பாகப்பிரிவினை.

சினிமா வேறு விஷயம். மார்வெல் பாத்திரங்களை மார்வெல் படத்தில் சேர்ப்பதற்கே பட்ட பாடு போதும். ஸ்பைடர்மேனின் திரை உரிமை சோனியிடம். அவரை அவெஞ்சர்ஸோடு சேர்க்க 2015-ல் தனி ஒப்பந்தம் வேண்டியிருந்தது. 2019 ஆகஸ்டில் அது முறிந்தது, அடுத்த மாதமே மீண்டும் ஒட்டவைக்கப்பட்டது. வுல்வரின் டிஸ்னி பக்கம் வர, டிஸ்னி ஃபாக்ஸின் பெரும்பகுதியை 7,130 கோடி டாலருக்கு வாங்க வேண்டியிருந்தது. ஹல்க்கின் 2008 படத்தை விநியோகித்தது யுனிவர்சல். அதன்பிறகு ஹல்க்குக்குத் தனிப்படம் வராததற்கு அந்த விநியோக உரிமையும் ஒரு காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இதற்கு மேல் டிஸ்னியும் வார்னரும் உட்கார்ந்து, லாபம் எப்படிப் பிரிப்பது, போஸ்டரில் யார் முன்னால், யார் யாரை அடிப்பது என்று பேசித் தீர்க்க வேண்டும். இரு தரப்பு நாயகர்களையும் திரையில் ஒரே இடத்தில் பார்க்க ஃபோர்ட்நைட் விளையாட்டு ஒரு வழி. அங்கே இரு தரப்பும் தங்கள் பாத்திரங்களைத் தனித்தனியாக உரிமம் கொடுத்திருக்கின்றன. கதை கிடையாது, அதனால் தோல்விக்கும் அர்த்தம் கிடையாது.

அதனால்தான் ரசிகர்கள் வசூலை ஸ்கோர்போர்டாக மாற்றிக்கொள்கிறார்கள். 2025 ஜூலையில் 'சூப்பர்மேன்' சுமார் 61 கோடி டாலர், அதே மாதம் வந்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' சுமார் 52 கோடி டாலர். 'டிசி ஜெயித்தது' என்று ஒரு வாரம் ஓடியது. அதே அளவுகோலில் 2016-ல் 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' சுமார் 87 கோடி டாலர் எடுத்தது, அது ஏமாற்றமாகப் பேசப்பட்டது. பட்ஜெட், எதிர்பார்ப்பு, பணவீக்கம் மூன்றையும் விட்டுவிட்டு வெறும் வசூலை ஒப்பிடும் ட்வீட்டைப் பார்த்தால் தாராளமாகக் கடந்து போங்கள்.

நம்மூர் நிலைமை இதில் சுவாரசியமானது. லோகேஷ் கனகராஜின் 'கைதி', 'விக்ரம்', 'லியோ' மூன்றும் வெவ்வேறு தயாரிப்பு நிறுவனங்களின் படங்கள்: ட்ரீம் வாரியர், ராஜ்கமல், செவன் ஸ்க்ரீன். கைதியில் வந்த பிஜாய் விக்ரமில் இருக்கிறார், கான்ஸ்டபிள் நெப்போலியன் லியோவில் இருக்கிறார், லியோவின் முடிவில் விக்ரமின் குரல் போனில் வருகிறது. ஷாருக் – சல்மான் சந்தித்த 'பதான்' மாதிரி ஒரே நிறுவனத்துக்குள் நடந்த விஷயம் இல்லை இது. ஹாலிவுட்டில் இப்படி மூன்று நிறுவனங்கள் தாண்டிப் பாத்திரங்கள் போய்வர வேண்டுமென்றால் வக்கீல் ஃபீஸே ஒரு படத்தின் பட்ஜெட் ஆகிவிடும். ஆனால் கவனியுங்கள், இதுவரை நடந்திருப்பது வருகையும் போனும்தான். டில்லியும் லியோவும் மோதி ஒருவர் தோற்க வேண்டிய நாள் வரும்போது, இங்கேயும் யாராவது திரைநேரத்தை ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ணுவார்கள்.

2034, 2058

ஒப்பந்தமே வேண்டாத நாளும் வரும். அமெரிக்கச் சட்டப்படி அந்தக் காலத்து வெளியீடுகளுக்குக் காப்புரிமை 95 ஆண்டுகள். 1928-ன் மிக்கி மவுஸ் 2024 ஜனவரி 1-ல் பொதுச்சொத்தானது அப்படித்தான். 1938-ன் சூப்பர்மேன் 2034 ஜனவரி 1-ல் வருவார். பேட்மேன் அடுத்த ஆண்டு. வணிக முத்திரை உரிமை தனியாகத் தொடரும் என்பதால் லோகோ போட்டு டி-ஷர்ட் விற்கக் கிளம்பிவிட முடியாது. கதை எழுதலாம். 'சூப்பர் ஹீரோ' என்ற சொல்லையே டிசியும் மார்வெலும் கூட்டாக வணிக முத்திரையாகப் பல பத்தாண்டுகள் வைத்திருந்தன. ஒரு சிறிய நிறுவனம் எதிர்த்து மனுப் போட, இரு பெரியவர்களும் பதில் மனு தாக்கல் செய்யாததால் 2024 செப்டம்பரில் அந்தப் பதிவுகள் ரத்தாயின.

2034-ல் நமக்குக் கிடைக்கப் போவது 1938-ன் சூப்பர்மேன் மட்டும். பறக்க மாட்டார், 200 மீட்டர் தாண்டுவார், பீரங்கிக்குப் பயப்பட வேண்டும். 1962-ல் பிறந்த ஹல்க் 2058 ஜனவரி 1-ல்தான் வருவார். அதற்குள் சூப்பர்மேனின் 1940-கள், 50-கள் கதைகள் எல்லாம் பொதுச்சொத்தாகி, அவர் பறக்கவும் ஆரம்பித்திருப்பார். ஆக யாருடைய கையெழுத்தும் வாங்காமல் இந்தச் சண்டையை எழுத நினைப்பவர்கள் இன்னும் 30 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அப்போதும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும்: முதல் இதழின் சாம்பல் ஹல்க்கா, இரண்டாம் இதழின் பச்சை ஹல்க்கா?